எண்ணூறு ரூபாய் பொம்பதூர்

தங்கையின் கல்யாணத்துக்கு மேக்கப் போட்ட பார்லரைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மாங்கூழ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான். சீசன் பில்லெல்லாம் அடைத்து இப்போதுதான் கை ஒழிந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது அந்தக் கடை. கடைப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன். நடத்துகிற அக்கா தனியாளாக நின்று மேலே வந்தவர். என் ஒருத்தியின் வாயால் அவருக்கு ஒரு புக்கிங்கூடக் குறைய வேண்டாம்.

முதலில் காசு. ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம் இரண்டுக்கும் சேர்த்து 16,000 ரூபாய். டிரையலுக்குத் தனியாக 500. முன்பணம் 5,000, தேதி மாறினால் திரும்பக் கிடைக்காது. ஓசூரில் விசாரித்தபோது 25,000 சொன்னார்கள். பெங்களூரிலிருந்து வருகிறவர் 40,000 கேட்டு, கார் வாடகையும் நம் தலையில் என்றார். உள்ளூரிலேயே முடித்துக்கொண்டோம். அதில் வருத்தம் இல்லை.

சுவரில் லேமினேட் செய்த விலைப்பட்டியல் தொங்கியது. புருவம், ஃபேஷியல், சேலை கட்டிவிட, ஜடை அலங்காரம் என்று வரிசையாக இறங்கி, கடைசிக்கு முந்தின வரியில் 'பாம்படூர் பஃப் – ரூ. 800 (எக்ஸ்ட்ரா)' என்று நின்றது.

"இது என்னங்க அக்கா?"

"அது ஃபாரின் ஸ்டைலுங்க மேடம். முன்னாடி முடி நல்லா தூக்கி நிக்கும். பாப்பாவுக்கு வட்ட முகம்தானே, எடுப்பா இருக்கும்."

"பேரு ஏன் இப்படி?"

"ஏதோ ஸ்பிரே கம்பெனி பேருங்க. பெங்களூர்ல கோர்ஸ் படிச்சப்ப சொல்லிக் குடுத்தாங்க."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டு ஃபிரெஞ்சு எடுத்தவள் நான். எல்லாம் மார்க்குக்காக. 200க்கு 192 வாங்கினேன். அந்த 192ஐ வைத்து இன்றுவரை ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. தமிழை விட்டதற்காக அப்பா ஒரு வாரம் என்னோடு பேசாததுதான் மிச்சம். ஆனால் பாண்டிச்சேரியிலிருந்து வந்த எங்கள் மிஸ், வினைச்சொல் மனப்பாடம் செய்து நாங்கள் தூங்கி விழும்போதெல்லாம் வெர்சாய் அரண்மனைக் கதைகளை எடுத்து விடுவார். பாஸானதும் இலக்கணம் மறந்துபோனது. பிரெஞ்சு ராஜா பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் தெ பொம்பதூர், அதாவது இந்தப் பட்டியலின் 'பாம்படூர்', மட்டும் போகவில்லை. கையில் கிடைப்பதையெல்லாம் படித்து, அந்தம்மாவின் ஓவியங்களை போனில் பெரிதாக்கிப் பார்த்து, இருபது வருஷமாக ஒரு தூரத்துச் சொந்தக்காரியைப் போல வைத்துக்கொண்டிருக்கிறேன். அவரை ஸ்பிரே கம்பெனி என்றால் விட முடியுமா?

"கம்பெனி இல்லைங்க, அது ஒரு பொம்பளை" என்றேன்.

"அதான் பொம்பன்னு ஆரம்பிக்குதா?" என்றாள் தங்கை.

இல்லை, அது ஊர்ப்பெயர். மத்தூர், பர்கூர் மாதிரி பொம்பதூர். பிரான்சின் நடுப்பக்கம் லிமூசான் என்கிற சீமையில் உள்ள சிற்றூர். மார்க்கீஸ் என்கிற அந்த ஊர்ப் பட்டம் வாரிசில்லாமல் கிடந்தது. 1745ல் பதினைந்தாம் லூயி அதை வாங்கித் தன் காதலிக்குக் கொடுத்தான். அந்தம்மா அந்த ஊரில் வாழ்ந்ததே இல்லை. பிறந்தது பாரீசில், 1721 டிசம்பர் 29ல். வைத்த பெயர் ழான் அந்துவானெத் புவாசோன். புவாசோன் என்றால் மீன். மீன்காரம்மா மகள் என்று பின்னாளில் அரண்மனைக்காரர்கள் பாட்டுக் கட்டிக் கேலி செய்தார்கள். அந்தப் பாட்டுகளுக்கே 'புவாசொனாத்' என்று ஒரு பெயர் வந்துவிட்டது. மீன் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று எழுதியதாகச் சந்தேகப்பட்டு 1749ல் மோரெபா என்கிற அமைச்சரின் பதவியே போனது.

கே.ஆர்.பி. அணைப் பக்கம் தட்டில் மீனை வறுத்துப் போடுகிற கடைகளை நினைத்துக்கொண்டு தங்கை சிரித்தாள். பியூட்டிஷியன் அக்கா சிரிக்கவில்லை. "குலத்தைச் சொல்லிப் பேசறவன் எல்லா ஊர்லயும் இருக்கான்" என்றார், புருவ நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே.

அப்புறம் ஜோசியம். சிறுமிக்கு ஒன்பது வயதிருக்கும்போது லபோன் என்ற ஜோசியக்காரி, நீ ஒரு நாள் ராஜாவின் மனதை ஆளப்போகிறாய் என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் அன்றிலிருந்து 'குட்டி ராணி' என்றே கூப்பிட்டார்கள். நமக்கும் கிளி ஜோசியக்காரர் சீட்டெடுத்து ராஜயோகம் என்று சொல்லத்தான் செய்கிறார். பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குள் மறந்துவிடுகிறோம். இந்தம்மா மறக்கவில்லை. பலித்த பிறகு அந்த ஜோசியக்காரிக்கு 600 லிவ்ர் (அந்தக் காலத்து பிரெஞ்சுக் காசு) உதவித்தொகை கொடுத்ததற்கு அவருடைய கணக்கில் பதிவு இருக்கிறது. எதற்காக என்பதையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்கு எழுதுகிறவளுக்கு இதைவிட அழகான பற்று வரி கிடைக்காது.

டிரையலில் இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. டிரையல் நன்றாகவே அமைந்தது. ஃபவுண்டேஷன் தங்கையின் மாநிறத்தோடு ஒட்டி இருந்தது. எண் எழுதின மூடியைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார் அக்கா, எடுத்துக்கொண்டேன். பஃப் மட்டும் அன்றைக்குச் செய்து காட்டவில்லை. "அது அன்னிக்கே செஞ்சுக்கலாம், தலைக்குக் குளிச்சு மறுநாள் முடி இருக்கணும்" என்று விட்டார். இது சரியில்லை. 500 ரூபாய் டிரையலில் முக்கியமானதை ஒத்திகை பார்க்காமல் வேறென்ன பார்ப்பது?

ரிசப்ஷன் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மண்டபத்தில். மாலை 7 மணிக்கு மேடை ஏற வேண்டும். 3 மணிக்கு வருவதாகச் சொன்ன அக்கா வந்து சேர்ந்தது 3.50க்கு. காவேரிப்பட்டணத்தில் ஒரு சீமந்தத்தை முடித்துவிட்டு வந்திருக்கிறார். ஒரே நாளில் இரண்டு வேலை எடுப்பது அவர் இஷ்டம், ஆனால் எங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அந்த 50 நிமிஷத்தில் அம்மாவுக்கு ஏறிய பி.பி. இறங்க இரவாகிவிட்டது.

உட்கார்ந்த பிறகு வேலை சுத்தம். பஃப் எப்படி எழுந்தது என்பதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இந்தக் காது உச்சியிலிருந்து அந்தக் காது உச்சிவரை வால் சீப்பின் வாலால் ஒரு கோடு. முன்பக்க முடியைத் தனியாகப் பிரித்துக் கிளிப் மாட்டினார். பிறகு ஒவ்வொரு கற்றையாக எடுத்து, வேர்ப் பக்கம் இரண்டு அங்குலம் மட்டும் கிரிம்பிங் மெஷினில் வைத்து அழுத்தினார். கூரைத் தகரம் மாதிரி நெளி நெளியாக வந்தது. அதன் மேல் ஸ்பிரே. அப்புறம் நுனியைப் பிடித்துக்கொண்டு சீப்பால் மேலிருந்து கீழே, வேரை நோக்கித் தள்ளித் தள்ளிச் சீவினார். பார்க்கிறவர்களுக்குச் சிக்கல் போடுகிற மாதிரி இருக்கும். சிக்கல்தான் அஸ்திவாரம். உள்ளே முடி பந்தாகச் சேர்ந்ததும், எல்லாவற்றுக்கும் மேலே மழுமழுப்பான ஒரு கற்றையைப் போர்த்தி, பின்னால் இழுத்து, ஊசிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினார். உள்ளே வைக்கும் ஸ்பாஞ்சு வேண்டாம், பாப்பாவுக்கு முடி அடர்த்தி, அது போதும் என்றார். வைத்திருந்தால் இன்னொரு 200 வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. இதை நான் மறக்க மாட்டேன்.

நூறு வருஷத்துக்கும் முன்னால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தக் கொண்டை பேயாய்ப் பரவியபோது, சீப்பில் உதிர்கிற சொந்த முடியையே சேர்த்து உருண்டையாக்கி உள்ளே வைத்துக்கொண்டார்களாம். எங்கள் பாட்டி ஜன்னல் கம்பியில் ஒரு துணிப் பொட்டலம் கட்டி உதிர்ந்த முடியைச் சேர்ப்பார். வருஷம் ஒரு முறை அது சவுரியாகும். எந்தப் பார்லரில் படித்தார் பாட்டி?

இப்போது எனக்குள்ள முக்கியமான புகார். அது கடை மேல் இல்லை, பெயர் மேல். மதாம் தெ பொம்பதூர் இப்படிச் சீவிக்கொண்டதே இல்லை. பூஷே, லா தூர், துருவே என்று மூன்று பெரிய ஓவியர்கள் அவரை வரைந்திருக்கிறார்கள். எந்தப் படத்திலும் பஃப் கிடையாது. சின்னச் சின்னச் சுருளாக, பவுடர் பூசி, தலையோடு ஒட்டிய முடி. கோபுரம் மாதிரிக் கூந்தல் வைத்தது மரி அந்துவானெத் காலத்து 1770களில். அதற்குள் நம்மவர் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. 1890களில் நெற்றிக்கு மேல் தூக்கிச் சீவும் பாணி வந்தபோது யாரோ பழைய பெயர் ஒன்றைத் தேடி எடுத்து ஒட்டிவிட்டார்கள். 1950களில் எல்விஸ் பிரஸ்லி தலைக்கு அது போனது. எங்கள் அப்பா கல்யாண போட்டோவில் குருவிக்கூடு வைத்து, அதற்கு எண்ணெய் தடவி, கேமராவை முறைத்துக்கொண்டு நிற்கிறார். அப்பாவிடம் போய், உங்கள் தலையில் இருப்பது பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி என்று சொன்னால் இன்னொரு வாரம் பேச மாட்டார்.

பெயர் ஒட்டுகிற வேலை முடியோடு நிற்கவில்லை. நிச்சயதார்த்த மோதிரம் வாங்கப் போனபோது, இரண்டு முனையும் கூராக இருக்கும் கல்லைக் காட்டி, "மார்க்கீஸ் கட்டிங்குங்க, ஒரு ராணியோட உதடு மாதிரி" என்றார் நகைக்கடைப் பையன். அதுவும் பொம்பதூர் அம்மாள் தலையில் கட்டின கதைதான். அகலவாய் ஷாம்பெயின் கோப்பைக்கு வேறொரு கதை உண்டு. குடும்பத்தோடு படிக்கிற இடத்தில் எழுத முடியாது, நம்பவும் வேண்டாம்.

அலங்கார அறைக்கு வருகிறேன். அன்றைக்கு அங்கே நடந்ததை யாராவது வரைந்திருக்கலாம். தங்கை கண்ணாடி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணில் லைனர் காய்கிறது, திறக்கக் கூடாது. சமையல் மாஸ்டரின் ஆள் வந்து ஐஸ்கிரீம் 450ஆ 500ஆ என்று கேட்கிறார். கண்ணை மூடிக்கொண்டே "ஐநூறு" என்கிறாள். அத்தை வந்து, நான் போட்ட செயின் மேலே தெரிய வேண்டும் என்கிறார். போட்டோகிராபர் கதவை ஒருக்களித்து, "சிஸ்டர், ஒரே ஒரு கேண்டிட்". சின்ன மாமா வந்து, சீர்த் தட்டு வரிசையில் பெரிய மாமாவுக்கு முன்னால் தன்னை நிறுத்தினால்தான் ஆச்சு என்கிறார். அவருக்கும் பதில் போனது. அக்கா இவர்கள் ஒருவரையும் விரட்டவில்லை. தூரிகையை நிறுத்தாமலே தோளால் ஒருவரை ஒதுக்கி, இன்னொருவருக்கு இடம் விட்டு, "பேசுங்க, பேசுங்க, உதடு மட்டும் அசைக்காதே பாப்பா" என்று சமாளித்தார். இந்த ஒரு திறமைக்கே 16,000 தகும்.

வெர்சாயிலும் இதேதான் நடந்தது. பொம்பதூர் அம்மாள் காலையில் கண்ணாடி முன் உட்காரும் நேரம்தான் அவருடைய தர்பார். பதவி கேட்கிறவர்கள், சம்பள பாக்கிக்காரர்கள், தூதர்கள், எழுத்தாளர்கள் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். பூஷே 1750களில் அந்தக் காட்சியையே வரைந்திருக்கிறார். ஒரு கையில் கன்னச் சிவப்புப் பூசும் தூரிகை, மணிக்கட்டில் ராஜாவின் முகம் செதுக்கிய கல் பதித்த காப்பு. தூரிகை என் கையில், ராஜாவும் என் கையில் என்று அர்த்தம். போனில் அந்தப் படத்தை அக்காவிடம் காட்டினேன். முகத்தையோ காப்பையோ அவர் பார்க்கவில்லை. "பிரஷ்ஷைப் பிடிச்சிருக்கிறது சரியான பிடிங்க மேடம், நுனியில பிடிச்சாத்தான் கலர் திட்டாகாது" என்றார்.

நம் ஊரில் 'சின்ன வீடு' என்று கிசுகிசுத்து முடித்துவிடுவோம். அங்கே அது பட்டம், சம்பளம், அறை ஒதுக்கீடு எல்லாம் உள்ள ஒரு பதவி. அதுவரை பெரிய இடத்துப் பெண்களுக்கே போன பதவி, ஊர்விட்டு ஓடிப்போன ஒரு கணக்குப்பிள்ளையின் மகளுக்குக் கிடைத்ததுதான் அரண்மனைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 19 வயதில் கல்யாணமாகி, செனார் காட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். ராஜா அந்தக் காட்டில்தான் வேட்டையாடுவான். நீல வண்டியில் ரோஜா நிற உடையோடும், ரோஜா நிற வண்டியில் நீல உடையோடும் இவர் எதிரே போய் வருவாராம். தங்கைக்கு ஆனியன் பிங்க் பட்டுக்கு நீல பிளவுஸ் எடுத்தது நான்தான். எங்கிருந்து எடுத்தேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1745 பிப்ரவரியில் இளவரசனின் கல்யாணத்துக்கு வெர்சாயில் மாறுவேட நடனம். பதினைந்தாம் லூயி அதற்கு வெட்டி அலங்கரித்த ஒரு மரமாக வேஷம் போட்டு வந்தான். யார் ராஜா என்று தெரியாமலிருக்க, கூடவே அதே மாதிரி இன்னும் ஏழு மரங்கள். நம் மண்டப வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக வைப்பார்களே, அந்த அழகுதான். இவர் வேட்டைத் தெய்வம் தியானா வேஷத்தில் போயிருந்தார். எட்டு மரத்தில் சரியான மரத்தோடு பேசினார். செப்டம்பரில் முறைப்படி அரசவையில் ராணிக்கு முன்னால் போய் வணங்கி நின்றார். அந்த ராணியிடம் கடைசிவரை மரியாதை குறையாமல் நடந்துகொண்டதும் இவர்தான். முன்னால் இருந்தவர்கள் அப்படி இல்லை.

எனக்கு இவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதற்கு அப்புறம் வருகிறது. 1750 வாக்கில் இருவருக்கும் இடையே கட்டில் உறவு முடிந்துவிட்டது. உடம்பு ஒத்துழைக்கவில்லை. வேறொருத்தி என்றால் அன்றே மூட்டை கட்டியிருப்பாள். இவர் அதற்குப் பிறகும் 14 வருஷம் அதே அரண்மனையில், முன்பைவிட வலுவாக இருந்தார். ராஜாவின் பெரிய வியாதி சலிப்பு. அதற்கு நாடகம் போட்டார், தானே நடித்தார், பாடினார், வீடு கட்டினார், கல்லில் உருவம் செதுக்கக் கற்றுக்கொண்டார். திதெரோ தொகுத்த, தடை செய்யப்பட்ட கலைக்களஞ்சியத்துக்கு ஆதரவாக நின்றார். லா தூர் வரைந்த படத்தில் அதன் ஒரு தொகுதி மேசை மேல் பகிரங்கமாக நிற்கிறது. ஏழைப் பிரபுக்களின் பிள்ளைகளுக்கு ராணுவப் பள்ளி வர முன்நின்றார். பின்னாளில் நெப்போலியன் படித்தது அங்கேதான். பீங்கான் தொழிற்சாலையை 1756ல் தன் வீட்டுக்குப் பக்கத்தில் செவ்ருக்குக் கொண்டுவரச் செய்தார். அடுத்த வருஷம் அங்கே பிறந்த ஒரு இளஞ்சிவப்புக்கு இன்றைக்கும் பொம்பதூர் ரோஜா என்று பெயர். இது ஒன்றாவது நியாயமாக ஒட்டிய பெயர். 1753ல் அவர் பாரீசில் வாங்கிய வீடு எலிசே மாளிகை. இப்போது பிரெஞ்சு ஜனாதிபதிகள் குடியிருப்பது அந்த வீட்டில்தான். இத்தனையும் செய்தவருக்கு மிஞ்சியது ஒரு பஃப்.

தோற்றதையும் சொல்ல வேண்டும். 1756ல் ஆஸ்திரியாவோடு கூட்டணி சேர்ந்ததில் இவருக்குப் பங்குண்டு. அதையடுத்து வந்த ஏழாண்டுப் போரில் பிரான்ஸ் எல்லாப் பக்கமும் அடி வாங்கியது. அந்த அடி நம் ரோடு வரைக்கும் வந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று பாண்டிச்சேரி பஸ் போகிறதே, அதில் செஞ்சிக் கோட்டை அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றார்கள், 1761 ஜனவரியில் பாண்டிச்சேரியே விழுந்தது. 1763 சமாதானத்தில்தான் ஊர் திரும்பக் கிடைத்தது. பாரீசில் பழி முழுக்க இந்தம்மா தலையில். கையெழுத்துப் போட்ட ராஜா, படையை நடத்திய தளபதிகள் எல்லோரும் தப்பித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சாம்பாரில் உப்பு கூடினாலும் மருமகளைப் பார்க்கிற கூட்டம்தானே.

இனி மேக்கப். டிரையலில் பேசிய ஃபவுண்டேஷனை அன்றைக்கு அக்கா கொண்டுவரவில்லை. சீமந்த வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் இருந்ததைப் பூசினார். முகம் ஒரு ஊர், கழுத்து ஒரு ஊர் ஆனது. "லைட்டுக்குக் கீழ சரியாயிடும், போட்டோவுக்கு இப்படித்தான் வேணும்" என்றார். நான் போனைத் திறந்து மூடியின் போட்டோவை நீட்டினேன். ஒன்றும் பேசாமல் துடைத்தார். உதவிப் பெண்ணை வண்டியில் அனுப்பி அந்தப் பாட்டிலை எடுத்துவர 35 நிமிஷம். வெள்ளையாக்கினால்தான் கல்யாணப் பெண் என்பது எப்போது ஒழியுமோ. வெர்சாய்ப் பெண்கள் ஈயம் கலந்த வெள்ளைப் பூச்சைப் பூசி, அதன் மேல் வட்டமாகச் சிவப்பு வைத்தார்கள். தோல் வெந்தது. நம்மிடம் ஈயம் இல்லை, எண்ணம் மட்டும் அப்படியே இருக்கிறது. டிரையலுக்குப் போகிறவர்கள் மூடியைப் போட்டோ எடுக்க மறக்காதீர்கள். அதைச் சொல்லிக் கொடுத்ததும் அதே அக்காதான் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

7.20க்கு மேடை. பஃப் அம்சமாக இருந்தது. ஓசூர் ரோஜாக்களைப் பஃப் முடிகிற இடத்தில் பிறை மாதிரி வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கோவில்பட்டிக்காரர்கள். அந்தப் பாட்டி பக்கத்தில் வந்து, "இதுக்கு என்ன பேரும்மா?" என்று கேட்டார். பொம்பதூர் என்றேன். பாட்டி தங்கையின் காதைத் தடவிப் பார்த்தார். "பாம்படமா? காதுல ஒண்ணையும் காணலியே" என்றார். அவருடைய அம்மா பாம்படம் போட்டுக் காது தோளைத் தொட்டவராம். விளக்கப் போனால் பந்தி ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

டச்சப்புக்காக 9.30 வரை இருப்பதாகப் பேச்சு. உதவிப் பெண் 8.15க்குக் கடைசி பஸ் என்று கிளம்பிவிட்டாள். வியர்வை துடைக்க நானே டிஷ்யூவோடு மேடைக்கு ஏறி இறங்கினேன். வீடியோவில் பன்னிரண்டு இடத்தில் என் முதுகு இருக்கிறது. பஃப் மட்டும் 11 மணி வரை ஒரு இழை கலையவில்லை.

கலைத்தது நான்தான். மணமகள் அறையில் பாயில் உட்கார்ந்து, தங்கையின் தலையை மடியில் வைத்து ஒவ்வொரு ஊசியாக உருவினேன். ஸ்பிரே காய்ந்து தேங்காய் நார் மாதிரி இருந்தது. தேங்காய் எண்ணெய் அரைக் கிண்ணம் போனது. இழுத்தால் கத்துவாள் என்பதால் மெதுவாக. வெளியே ஆவணி மழை பிடித்துக்கொண்டது.

"அந்தம்மா அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள், கண்ணை மூடியபடி.

சொன்னேன். ஒரே மகள் அலெக்சாந்திரின் ஒன்பது வயதில், 1754ல், வயிற்று வலியில் போய்விட்டாள். தனக்கு நுரையீரல் நோய். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. 1764 ஏப்ரல் 15ல், 42 வயதில், வெர்சாயிலேயே உயிர் போனது. அரச குடும்பத்தார் தவிர யாரும் அந்த மாளிகையில் சாகக் கூடாது என்பது வழக்கம். இவருக்கு மட்டும் ராஜா அனுமதி கொடுத்தான். ஆனால் சவ ஊர்வலத்தில் அவன் கலந்துகொள்ள முடியாது, அதுவும் வழக்கம். நல்ல மழை. பால்கனியில் நின்று வண்டி போவதைப் பார்த்துக்கொண்டே, மார்க்கீசின் பயணத்துக்கு வானிலை சரியில்லையே என்று சொன்னதாகச் சொல்வார்கள். பாரீசில் ஒரு மடத்தில், மகளுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அந்த மடத்தையே பிற்பாடு இடித்துவிட்டார்கள். 

தங்கை தூங்கியிருந்தாள். அவள் எந்த இடம் வரை கேட்டாள் என்று தெரியவில்லை.

மறுநாள் முகூர்த்த ஜடையில் ஒரு குறையும் இல்லை. அக்கா நாலரை மணிக்கே, சொன்னதற்கு முன்னால் வந்துவிட்டார். முந்தின நாளுக்கு மன்னிப்பு என்று வாயால் சொல்லவில்லை. ராக்கொடி வாடகை 300ஐ பில்லில் போடவில்லை, புரிந்துகொண்டேன்.

ஊசிகளைத் திருப்பித் தர வேண்டும் என்பது அந்தக் கடை விதி. திங்கட்கிழமை 37 ஊசிகளையும் ஒரு ஸ்வீட் டப்பாவில் போட்டுக் கொண்டுபோனேன். அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வரணுமே" என்றார். தங்கை மறுவீடு போயிருக்கிறாள், அவள் தலையிலேயே இருக்கலாம் என்றேன். சுவரில் விலைப்பட்டியல் புதிதாக லேமினேட் ஆகியிருந்தது. கடைசிக்கு முந்தின வரியில் எழுத்தைத் திருத்தி, 'மேடம் பொம்பதூர் பஃப்' என்று போட்டிருந்தார். ரூ. 1,000.